நகையை விற்க வேண்டாம், கல்லூரி சீட்டுக்கு முன்பணமும் வேண்டாம்

கேள்வி: எங்கள் ஊர் சாத்தூர் பக்கம். கணவர் வாடகைக்கு லோடு வண்டி ஓட்டுகிறார், மாதம் 18,000 ரூபாய் வரும். நான் தீப்பெட்டி ஆபீஸில் 8,000 ரூபாய் வாங்குகிறேன். மகள் அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ, மேத்ஸ் குரூப். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் கல்லூரிப் பக்கம் போனதில்லை. தெரிந்தவர் ஒருவர், கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் வாங்கித் தருகிறேன் என்கிறார். ஹாஸ்டலோடு வருஷத்துக்கு ஒன்றரை லட்சம். இப்போதே 50,000 கட்டினால்தான் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமாம். என்னிடம் 9 பவுன் நகை, மகளிர் குழுவில் 40,000 ரூபாய் சேமிப்பு இருக்கிறது. நகையில் கொஞ்சத்தை விற்று, மிச்சத்தை இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கலாம் என்கிறார் கணவர். மகன் ஐந்தாம் வகுப்பு. அவனையாவது அடுத்த வருஷம் பிரைவேட் பள்ளியில் சேர்க்கலாமா?
– ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: சகோதரி, அந்த 50,000 ரூபாயைக் கட்டாதீர்கள். இந்தப் பதிலில் வேறு எது மறந்தாலும் இது மட்டும் நினைவில் இருக்கட்டும். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து, கலந்தாய்வு முடியும்வரை யாரிடமும் ஒரு ரூபாய்கூட முன்பணமாகக் கொடுக்க வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உங்கள் கையில் இருப்பது என்னவென்று உங்களுக்கே யாரும் சொல்லவில்லை. 9 பவுன் நகையும் குழுச் சேமிப்பும்தான் சொத்து என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தாள் என்ற ஒரு வரி இருக்கிறதே, பண விஷயத்தில் அதுதான் பெரிய சொத்து. அதற்குத் தமிழ்நாட்டில் 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. 2020-ல் மருத்துவப் படிப்புக்கு வந்தது, 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் கலந்தாய்வு வழியாக இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கிறது. இடம் தனியார் கல்லூரியில் கிடைத்தாலும் அப்படித்தான்.

இப்போது கவனியுங்கள். அதே பெண் மேனேஜ்மென்ட் கோட்டாவில், அதாவது கலந்தாய்வு இல்லாமல் கல்லூரி நிர்வாகமே நேரடியாகக் கொடுக்கும் இடத்தில் சேர்ந்தால் இந்தச் சலுகை எதுவும் வராது. முன்பணம் கட்டிவிட்டோமே என்று அந்தக் கல்லூரியிலேயே சேர்த்துவிட்டால், அரசு கட்டியிருக்க வேண்டிய தொகையை நான்கு வருஷமும் நீங்கள் கட்டுவீர்கள். உங்கள் கணக்குப்படியே ஆறு லட்சம்.

அந்த ஆறு லட்சத்தில் நான்கு லட்சத்தை இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ரூபாய் என்று சொல்லும்போது சின்னதாகத்தான் தெரியும். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய், வருஷத்துக்கு 24 சதவீதம். நான்கு லட்சத்துக்கு மாதம் 8,000 ரூபாய். தீப்பெட்டி ஆபீஸில் நீங்கள் மாதம் முழுக்க உட்கார்ந்து வாங்கும் சம்பளம் அப்படியே வட்டிக்குப் போகும், அசலில் ஒரு ரூபாய் குறையாது.

சில வருஷங்களுக்கு முன் என்னிடம் ஒரு அப்பா வந்தார். மஞ்சப்பையிலிருந்து மகனின் ரசீதுகளை எடுத்து மேஜையில் அடுக்கினார். கல்விக் கட்டணம் தனி, 'வளர்ச்சி நிதி' தனி, பஸ் தனி, பரீட்சைக் கட்டணம் தனி. இடம் பிடித்துக் கொடுத்தவரிடம் முதலில் தந்த பணத்துக்கு மட்டும் ரசீதே இல்லை. பையன் கலந்தாய்வில் போயிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு, ரிசல்ட்டுக்கு முன்னால் பணம் கட்டலாமா என்று யார் கேட்டாலும் நான் விடுவதில்லை. சேர்ந்த பிறகு விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று, தொழில்நுட்பக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ அமைப்பின் விதி இருக்கிறது. ஆனால் ரசீதே இல்லாமல் இடைத்தரகர் கையில் கொடுத்த பணத்துக்கு எந்த விதியைக் காட்டிக் கேட்பது?

சரி, 7.5 சதவீதத்தில் இடம் கிடைக்குமா? மகளின் அரையாண்டு மதிப்பெண்ணை எடுத்து நீங்களே பாருங்கள். கணக்கு மார்க்கோடு, இயற்பியலில் பாதியும் வேதியியலில் பாதியும் கூட்டினால் வருவது கட்-ஆஃப், மொத்தம் 200-க்கு. கணக்கில் 78, இயற்பியலில் 70, வேதியியலில் 74 என்றால் 78 + 35 + 37, ஆக 150. இந்தப் பட்டியலில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள் மட்டும்தான் போட்டி. முந்தைய வருஷங்களில் எந்தக் கல்லூரியில் எந்தக் கட்-ஆஃபுக்கு இடம் கிடைத்தது என்ற விவரம் கலந்தாய்வு இணையதளத்தில் கிடைக்கும். அதை மகள் பொறுமையாகப் பார்க்கட்டும். கல்லூரித் தேர்வுப் பட்டியல் கொடுக்கும்போது நாலைந்து பெயரோடு நிறுத்திக்கொள்வதுதான் பல பிள்ளைகள் செய்யும் தப்பு. எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஊரில் நெட் சரியாக இல்லையென்றால் மாவட்டத்தில் இருக்கும் கலந்தாய்வு உதவி மையத்துக்குப் போனால் போதும்.

அதில் கிடைக்காவிட்டாலும் பொதுக் கலந்தாய்வு இருக்கிறது. உங்கள் வீட்டில் பட்டதாரி யாரும் இல்லை என்பதால் மகளுக்கு முதல் பட்டதாரிச் சலுகை உண்டு. தனியார் பொறியியல் கல்லூரியில் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணத்தில் கழியும். இதுவும் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது. வீட்டில் ஒருவருக்குத்தான் இந்தச் சலுகை, பின்னால் தம்பிக்கு வராது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மீதிக்கு வங்கிக் கல்விக் கடன் போதும். நான்கு லட்சம் வரை அடமானம் கிடையாது, நீங்கள் கைப்பணம் போடவும் வேண்டாம். பெற்றோர் ஒருவர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும். படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தவணை தொடங்கும். உங்கள் ஆண்டு வருமானம் 3,12,000 ரூபாய். குடும்ப வருமானம் நான்கரை லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புகளுக்கு, படிக்கும் காலத்துக்கும் அதன் பிறகான ஒரு வருஷத்துக்கும் ஆகும் வட்டியை மத்திய அரசே கட்டும் மானியத் திட்டம் இருக்கிறது. கல்லூரிக்கு நாக் (NAAC) அல்லது படிப்புக்கு என்பிஏ (NBA) என்ற தர அங்கீகாரம் இருக்க வேண்டும், அதைச் சேரும் முன் விசாரித்துவிடுங்கள். முழுசாக நான்கு லட்சமே வாங்கினாலும் 10 சதவீத வட்டியில் ஏழு வருஷத்துக்கு மாதத் தவணை சுமார் 6,640 ரூபாய். அதுவும் மகள் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு. இரண்டு ரூபாய் வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேனேஜர் வாய்மொழியாக முடியாது என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து, மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உங்கள் பெயரிலோ கணவர் பெயரிலோ குழுக் கடன், வண்டிக் கடன் தவணை ஏதாவது பாக்கி நின்றால் இப்போதே நேராக்கிவிடுங்கள். கடன் மறுக்கப்படுவதற்கு அது ஒரு முக்கியமான காரணம்.

நகையைத் தொட வேண்டாம். சேரும்போது பெட்டி, படுக்கை, துணிமணி, முதல் இரண்டு மாதக் கைச்செலவு என்று 30,000 வரை ஆகலாம். அதற்குக் குழுச் சேமிப்பு இருக்கிறது. முடிந்தால் ஜூன் வரை மாதம் 3,000 ரூபாய் வங்கி ஆர்டியில் போட்டு வாருங்கள். அப்புறம் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் மகளின் வங்கிக் கணக்குக்கே வரும். பட்டப்படிப்பு, டிப்ளமோ, ஐடிஐ எதில் சேர்ந்தாலும் உண்டு. அவள் பெயரில் கணக்கு இருக்கிறதா, ஆதார் இணைந்திருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள்.

ஒரு விஷயம் மனசை உறுத்துகிறது. கடிதத்தில் எல்லாருடைய கருத்தும் இருக்கிறது, மகள் என்ன படிக்க ஆசைப்படுகிறாள் என்பது இல்லை. அவளுக்குப் பொறியியலில் விருப்பமா? பி.காம் என்று சொன்னால் அரசுக் கலைக் கல்லூரியில் செலவு மிகக் குறைவு. சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டும் என்றால், ப்ளஸ் டூ அறிவியல் படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அரசின் நான் முதல்வன் திட்டத்தில் நடக்கும் கல்லூரிக் கனவு என்ற உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிக்கு அவளை அனுப்புங்கள். ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து, இந்தக் கணக்கையெல்லாம் அவள் கையாலேயே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வீட்டு வருமானம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியட்டும். பதினேழு வயதுப் பெண்ணுக்கு அதைத் தாங்கும் பக்குவம் உண்டு.

மகன் விஷயம். பிரைவேட் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்த்தால் அன்றோடு 7.5 சதவீத ஒதுக்கீடு அவனுக்குப் போய்விடும். ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுசாக அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதுதான் விதி, அரசு உதவிபெறும் பள்ளி இந்தக் கணக்கில் சேராது. இப்போது போகும் அரசுப் பள்ளி மோசமாக இருந்தால் வேறு பேச்சு, பிள்ளையின் படிப்புதான் முதலில். ஆனால் அக்கம்பக்கத்தைப் பார்த்து மட்டும் மாற்றுவதாக இருந்தால் வேண்டாம். அந்த ஃபீஸில் ஒரு பகுதியை மாதாமாதம் அவன் பெயரில் சேர்த்து வாருங்கள். கல்லூரி போகும் அரசுப் பள்ளிப் பையன்களுக்கும் 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது.

இப்போது செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ரிசல்ட் வந்த பிறகு இ-சேவை மையத்தில் நிற்க இடம் இருக்காது. சாதி, வருமானம், முதல் பட்டதாரி, இந்த மூன்று சான்றிதழுக்கும் இந்த அரையாண்டு விடுமுறையிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைத் தலைமை ஆசிரியரிடம் கேட்டு வையுங்கள். பெயர், இனிஷியல் எல்லாம் ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். போகும்போது மகளையும் கூட்டிப் போங்கள், விவரங்களை அவளே சொல்லி விண்ணப்பிக்கட்டும்.