தெரு இணைப்பும் ஊர் விரிவும்: கேள்வி பதில்

கேள்வி: ஊர் வளர வளரத் தெருக்கள் ஒன்றோடொன்று சேராமல் போவதை அளக்க முடியுமா?

பதில்: முடியும். சந்திப்புகளையும் முட்டுச்சந்து முனைகளையும் புள்ளிகளாக எண்ணுங்கள். புள்ளிகளுக்கு இடையிலுள்ள தெருத்துண்டுகளைத் தனியே எண்ணி, புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். மரக்கிளை போலப் பிரியும் மனைப்பிரிவில் 20 புள்ளிக்கு 19 துண்டுதான், விகிதம் 0.95. அதே 20 புள்ளியை 5க்கு 4 கட்டமாகப் போட்டால் 31 துண்டு, 1.55. நடக்க ஏற்ற இடத்துக்குக் குறைந்தது 1.4 என்பது பரவலான அளவுகோல். முட்டு முனைகளை விட்டுவிட்டு எண்ணாதீர்கள். விட்டால் மோசமான வரைபடமும் நல்ல எண் காட்டிவிடும்.

கேள்வி: 200 மீட்டருக்கு ஒரு குறுக்குத்தெரு போதாதா சார்?

பதில்: போதாது. 100 மீட்டர் கட்டத்தில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 100 சந்திப்பு. 200 ஆக்கினால் பாதியல்ல, 25தான்.

கேள்வி: பிரதான சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் தீருமா?

பதில்: எல்லா வண்டியும் ஒரே சந்திப்புக்குத்தான் வரும் என்றால், நெரிசல் அங்கே போய் நிற்கும்.

கேள்வி: முட்டுச்சந்தில்தான் பிள்ளைகள் பயமில்லாமல் விளையாடுகிறார்கள். திறந்தால் வண்டிகள் பாயாதா?

பதில்: நியாயமான பயம். ஆனால் வண்டியைத் தடுப்பதும் ஆளைத் தடுப்பதும் வேறு வேறு. முனையில் சுவருக்குப் பதில் 1.5 மீட்டர் இடைவெளியில் கம்பங்களை நடுங்கள். கார் நிற்கும், சைக்கிளும் சக்கர நாற்காலியும் போகும். 1929இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், ராட்பர்ன் என்ற குடியிருப்பில் முட்டுச்சந்துகளோடு தனி நடைபாதைகளையும் சேர்த்தே அமைத்தார்கள். பின்னால் வந்த பல மனைப்பிரிவுகள் முட்டுச்சந்தை மட்டும் எடுத்துக்கொண்டு நடைபாதையை விட்டுவிட்டன. அதனால்தான் பின்சுவர் ஒட்டிய இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: அந்த நடைபாதை வழியே திருடன் தப்பிக்க மாட்டானா?

பதில்: வளைந்து, இருபுறமும் உயர்ந்த சுவரோடு இருந்தால் அந்த ஆபத்து உண்டு. 3 மீட்டர் அகலம், நேர்கோடு, ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரிய வேண்டும், விளக்கு வேண்டும், ஜன்னல்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் ஆள் புழங்காது. ஆள் புழங்காத பாதையைத்தான் மூடச் சொல்வார்கள்.

கேள்வி: எங்கள் தெருவைத் திறந்தால் வண்டி வருமே?

பதில்: மேலே சொல்லியாயிற்று. கம்பம்.

கேள்வி: பக்கத்து மனைக்காரர் பாதையை மறித்துவிட்டார், வழக்குப் போடலாமா?

பதில்: வழக்கறிஞரைக் கேளுங்கள்.

கேள்வி: தவறிய அமைப்பைப் பின்னால் திருத்தலாமே?

பதில்: வீட்டை இடித்துக் கட்டுவார்கள், தெருவின் தடம் அப்படியே கிடக்கும். அமெரிக்காவில் புதிய தெருக்களின் துண்டிப்பு 1994 வாக்கில் உச்சம் தொட்டுப் பிறகு குறைந்தது, ஆனால் அதற்குமுன் போட்ட தெருக்கள் இன்னும் அப்படியேதான். ஆகவே மனை விற்குமுன்பே தெருவை மனைப்பிரிவின் எல்லைவரை கொண்டுபோய் நிறுத்துங்கள். முனையில் ‘இத்தெரு பின்னர் நீட்டிக்கப்படும்’ என்று பலகை வையுங்கள். பலகை இல்லாவிட்டால், பத்து வருடம் கழித்து நீட்ட வரும்போது அந்தத் தெருக்காரர்களே மறிப்பார்கள்.