பங்குனியில் கொத்தனார், ஆடியில் விதை

அன்புள்ள ஐயா,

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீடு. மாடித்தோட்டம் போட எனக்கு ரொம்ப நாள் ஆசை. யூடியூபில் எல்லோரும் 'வசந்த காலம், இப்போதே விதையுங்கள்' என்கிறார்கள். என் கணவரோ படுக்கையறைக் கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிவதைக் காட்டி, மாடியில் ஒரு தொட்டிகூட ஏறக்கூடாது என்கிறார். கைப்பிடிச் சுவரில் ஓர் அரசங்கன்று வேறு முளைத்திருக்கிறது. யார் சொல்வது சரி?

கே.ஆர்.

அன்புள்ள கே.ஆர்.,

உங்கள் வீட்டுக்காரர் பக்கம்தான் நான். ஆனால் ஆடி வரைக்கும்தான்.

மார்ச்சில் விதைப்பது பனி உருகி மண் இளகும் ஊர்களின் வழக்கம். நமக்குப் பங்குனி தாண்டினால் கத்திரி வெயில். இப்போது நட்ட தக்காளி மே மாதத்து மாடிச் சூட்டில் பூவை எல்லாம் உதிர்த்துவிட்டு நிற்கும். ஆனால் கொத்து வேலைக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. தளம் நன்றாகக் காய்ந்திருக்கிறது. நம் மழையில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். ஒழுக ஆரம்பித்த பிறகு ஆள் தேடினால் கிடைக்காது.

முதலில் கம்பியைப் பாருங்கள். இரும்பு துருப்பிடித்தால் பருத்துவிடும். அந்த நெருக்கலில்தான் காரை உடைந்து விழுகிறது. கடற்கரைக்கு இவ்வளவு பக்கத்தில் உப்புக்காற்று இதை இன்னும் வேகப்படுத்தும். ஆகவே மேலே சிமெண்ட் பாலை அடித்து மறைக்கச் சொல்லும் கொத்தனாரை அனுப்பிவிடுங்கள். சுத்தியலால் தட்டிப் பார்த்து, உள்ளே காலியாக ஒலிக்கும் இடத்தை எல்லாம் கொத்தி எடுக்க வேண்டும். கம்பியின் பின்பக்கம் வரை தெரிய வேண்டும். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, துத்தநாக பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த கலவையால் பூசி, ஒரு வாரம் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்திருங்கள். கம்பி ரொம்ப இளைத்திருந்தால் மட்டும் பொறியாளரைக் கூப்பிடுங்கள், அது கொத்தனார் வேலை இல்லை.

கீழே பூசினால் மட்டும் போதாது, தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று தெரிய வேண்டும். பூசுவதற்கு முன்பே மாடியில் மழைநீர்க் குழாயின் வாயைத் துணியால் அடைத்து, ஓர் அங்குலத் தண்ணீரை ஒரு நாள் நிறுத்திவிட்டு, கீழே வந்து கூரையைப் பாருங்கள். ஈரம் காட்டிக்கொடுத்துவிடும்.

அரசங்கன்றைக் கிள்ளிக் கிள்ளிப் போடாதீர்கள், துளிர்த்துக்கொண்டே இருக்கும். உளியால் பூச்சைத் திறந்து, வேர் போகிற வழியே போய், முழுசாக உருவிவிட்டு அந்த விரிசலை அடைத்துவிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் அரசை வெட்டுவதா என்று முகம் சுளித்தால், வேரோடு எடுத்து ஏதாவது குளக்கரையில் நட்டுவிடலாம்.

சரி, செடி. கை சும்மா இருக்காது என்றால் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை போடுங்கள். வெயிலைத் தாங்கும். ஆனால் தரையில், மாடியில் வேண்டாம். புடலை, பீர்க்கு, கத்திரி எல்லாம் ஆடிப் பட்டத்துக்கு.

மாடி வேலை முடிந்து தொட்டி ஏற்றும்போது எடையை மறக்க வேண்டாம். நனைந்த மண் லிட்டருக்கு ஒன்றரை கிலோவுக்குக் குறையாது. பழைய பெயிண்ட் வாளி, இருபது லிட்டர் பிடிப்பது, முப்பது கிலோ ஆகிவிடும். தளத்தின் நடுவே குவிக்காமல் சுவரும் பீமும் ஓடும் இடங்களின் மேல் வரிசையாக, செங்கல் மேல் தூக்கி வையுங்கள். அடியில் காற்று ஓடும், தளம் காயும். கைப்பிடிச் சுவர் மேல் மட்டும் எதையும் வைக்காதீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் உங்கள் ஊருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரை ஏறியது. அதைப் பார்த்தவர்களிடம் இதைச் சொல்லவே வேண்டாம்தான்.

அப்புறம் தண்ணீர். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்தால் உங்கள் போர் தண்ணீரில் உப்பு இருக்கிறது என்று அர்த்தம். அவ்வப்போது அடித்துளையில் நீர் ஓடி வரும்வரை நிறைய ஊற்றி மண்ணைக் கழுவிவிடுங்கள், அதற்கு மழைத் தண்ணீர் கிடைத்தால் நல்லது. ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீர் வீணாகிறதே என்று செடிக்கு ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். அதில் உப்பு இன்னும் கூடுதலாக இருக்கும். அதை வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.