கடைசி இடத்து அணியை இளம் வீரர்களை வைத்து மீட்பது எப்படி?

கேள்வி: அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் நான் ஆதரிக்கும் அணி மூன்று சீசனாக அடிமட்டத்தில் கிடக்கிறது. மூத்த வீரர்களை எல்லாம் அனுப்பிவிட்டு, டிராஃப்டில் (புதிய வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் முறை) எடுத்த 20 வயதுப் பையன்கள் ஐந்து பேரையும் ஒன்றாக இறக்கினால் சீக்கிரம் தேறிவிட மாட்டார்களா? எத்தனை வருடம் பொறுக்க வேண்டும்?

பதில்: ஐந்து பேரையும் சேர்த்து இறக்கினால் தேற மாட்டார்கள். பல அணிகள் சறுக்குவது இங்கேதான், அதனால் இதையே முதலில் பார்ப்போம்.

பிக் அண்ட் ரோல் என்ற தாக்குதல் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். சென்டர், அதாவது கூடைக்கு அருகில் ஆடும் உயரமான வீரர், எதிரணிக்காரரை மறித்து நிற்கிறார். இதுதான் ஸ்கிரீன். அதைச் சுற்றிக்கொண்டு, பந்தை நடத்தும் வீரரான கார்டு பந்தோடு உள்ளே வருகிறார். எதிர் மூலையில் நிற்பவர் த்ரீ பாயிண்டர் (தூரத்திலிருந்து எறியும் மூன்று புள்ளி ஷாட்) சரியாகப் போட வராத இன்னொரு இளைஞர். அவரைக் காக்க வேண்டிய எதிரணிக்காரர் அவரைப் பொருட்படுத்தாமல் கூடைக்கு அடியில் வந்து நின்றுகொள்வார். ஓடி வரும் சென்டருக்குப் பாஸ் கொடுக்க வழியில்லை, கார்டு நுழையவும் இடமில்லை. அந்தரத்தில் எழும்பிய பிறகு யாருக்குக் கொடுப்பது என்று தேடுகிறார், பந்து பறிபோகிறது. புள்ளிவிவரத்தில் அது கார்டின் டர்ன்ஓவர், அதாவது பந்தை இழந்த கணக்கு. ஆனால் கோளாறு இருந்தது மூலையில். இப்படியே 50 ஆட்டம் போனால், அந்தக் கார்டு பாஸ் கொடுக்கத் தயங்கி, கிடைத்த ஷாட்டை அவசரமாக எறியப் பழகிவிடுவார். தோல்விக் கணக்கு சீசனோடு முடிந்துவிடும். இந்தப் பழக்கத்தைப் போக்கத்தான் வருடங்கள் ஆகும்.

உதாரணமாக, டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி 2023-24 சீசனில் தொடர்ந்து 28 ஆட்டம் தோற்று, மொத்தம் 14 வெற்றியோடு முடித்தது. அடுத்த கோடையில் டோபியாஸ் ஹாரிஸ், மாலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர் என்று அனுபவசாலிகள் வந்தார்கள், பயிற்சியாளரும் மாறினார். கார்டு கேட் கனிங்ஹாம், ஜேலன் டூரன், ஆசார் தாம்ப்சன் ஆகிய இளைஞர்கள் அப்படியே இருந்தார்கள். அதே இளைஞர்களோடு 44 வெற்றி! அந்த சீசனில் பீஸ்லி மட்டும் 319 த்ரீ பாயிண்டர் போட்டார். கனிங்ஹாமுக்குத் திறந்த வழியில் பாதி அதிலிருந்து வந்தது என்பது என் கணிப்பு. ஹூஸ்டன் ராக்கெட்ஸும் இப்படித்தான் எழுந்தது. 2023 கோடையில் பயிற்சியாளர் இமே உடோகாவையும், ஃப்ரெட் வான்வ்ளீட், டிலன் புரூக்ஸ் இருவரையும் கொண்டுவந்தது. 22 ஆக இருந்த வெற்றிகள் 41 ஆயின, அடுத்த சீசனில் 52.

ஆகவே நிமிடக் கணக்கில் இருந்து தொடங்குங்கள். ஓர் ஆட்டத்தில் பங்கிடக் கிடைப்பது 240 நிமிடம். அதில் 130 முதல் 150 வரை இளைஞர்களுக்குக் கொடுக்கலாம். ஆனால் 22 வயதுக்கு உட்பட்டவர்கள் ஒரே நேரத்தில் மூவருக்கு மேல் களத்தில் வேண்டாம். மீதி இருவரில் ஒருவர் தூரத்திலிருந்து தயங்காமல் போடுபவராகவும், இன்னொருவர் தற்காப்பில் ஓயாமல் குரல் கொடுத்து இடம் சொல்பவராகவும் இருக்கட்டும். பெஞ்சில் உட்கார்ந்து ஆறு நிமிடம் ஆடும் இளைஞரை ஜி லீக் (என்பிஏ-வின் பயிற்சி நிலை லீக்) அணிக்கு அனுப்பி 30 நிமிடம் ஆடவிடுவது மேல். அதைத் தண்டனையாக நினைக்க வேண்டாம். மூத்தவர்களுக்கு ஒன்றிரண்டு வருட ஒப்பந்தம் போதும். பந்து கையில் இல்லாமலும் பயன்படுபவராகத் தேடுங்கள், இல்லாவிட்டால் இளைஞரின் இடத்தை அவரே அடைத்துக்கொள்வார்.

வேண்டுமென்றே தோற்று டிராஃப்டில் முதல் இடம் வாங்கலாமே என்றும் சிலர் கேட்பார்கள். டிராஃப்ட் வரிசையை முடிவு செய்யும் குலுக்கலின் விதி 2019-இல் மாறியது. முன்பு கடைசி அணிக்கு முதல் இடம் கிடைக்க 25 சதவீத வாய்ப்பு இருந்தது. புதிய விதியில் கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 சதவீதம்தான், கடைசி அணி ஐந்தாம் இடத்துக்கு இறங்கும் வாய்ப்போ ஏறக்குறைய 48 சதவீதம். பிஸ்டன்ஸ் 2023, 2024 இரண்டு வருடமும் கடைசியில் முடித்து, இரண்டு முறையும் ஐந்தாவதாகத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது. ஹூஸ்டனின் அல்பெரென் ஷெங்குன் 16ஆவது இடத்தில் எடுக்கப்பட்டவர், ஓக்லஹோமா சிட்டியின் ஜேலன் வில்லியம்ஸ் 12ஆவது. முதல் இடத்துக்காக ஏங்குவதைவிட, நடு இடங்களில் சரியான ஆளைக் கண்டுபிடிக்கும் தேர்வுக் குழு அதிகம் உதவும். கல்லூரி ஆட்டத்தில் த்ரீ பாயிண்டர் கணக்கை மட்டும் பார்க்காமல் ஃப்ரீ த்ரோ (தடுப்பவர் இல்லாமல் போடும் தண்ட ஷாட்) சதவீதத்தையும் பாருங்கள், பின்னாளில் ஷாட் தேறுமா என்பதை அது பெரும்பாலும் நன்றாகக் காட்டும்.

ஒப்பந்தக் காலத்தையும் மறக்கக் கூடாது. முதல் சுற்றில் எடுத்தவரின் ஒப்பந்தம் நான்கு வருடம், அதில் மூன்றாவதும் நான்காவதும் அணியின் விருப்பம். மூன்றாம் வருடத்தை எடுப்பதா என்பதை முதல் சீசன் முடிந்த அக்டோபருக்குள் சொல்லிவிட வேண்டும். மூன்று சீசன் முடிந்ததும் நீட்டிப்புப் பேச்சு வந்துவிடும், அணியின் சம்பள உச்ச வரம்பில் வழக்கமாக 25 சதவீதம் வரை ஒருவருக்கே போகலாம். ஒரே டிராஃப்டில் எடுத்த மூவரும் நன்றாக ஆடினால் மூன்று பெரிய ஒப்பந்தமும் ஒரே கோடையில் மேசைக்கு வரும். ஆகையால் மூத்தவர்களின் ஒப்பந்தம் அந்தக் கோடைக்கு முன்பே முடியும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

எத்தனை வருடம்? ஓக்லஹோமா சிட்டி தண்டர் 2019 ஜூலையில் பால் ஜார்ஜை கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து, ஷேய் கில்ஜியஸ்-அலெக்சாண்டரையும் முதல் சுற்று டிராஃப்ட் உரிமைகள் ஐந்தையும் வாங்கியது. 2021-22இல் 24 வெற்றி, பிறகு 40, 57, 68. 2025-இல் சாம்பியன். ஆறு வருடம், அதுவும் ஷேய் போன்ற ஒரு நட்சத்திரம் கையில் இருந்து. பிளேஆஃப் (சீசன் முடிவில் நடக்கும் நாக்அவுட் சுற்று) எட்டுவதற்கு மட்டும் மூன்று நான்கு வருடம் வைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒரு கடினமான முடிவும் வரும். தண்டர் 2021-இல் ஆறாவதாக எடுத்த ஜாஷ் கிடி நல்ல வீரர். ஆனால் பந்து ஷேய் கையில் இருக்கும்போது எதிரணியினர் கிடியைத் தூரத்தில் விட்டுவிட்டு உள்ளே அடைத்தார்கள், மேலே சொன்ன அதே மூலைச் சிக்கல். 57 வெற்றி பெற்ற சீசன் முடிந்த கையோடு, தண்டர் அவரைக் கொடுத்து, அனுபவசாலியான அலெக்ஸ் கருசோவை வாங்கியது. இளைஞர் என்பதற்காக எல்லோரையும் கட்டிக்காக்க நினைத்திருந்தால், அந்த இடம் அடைபட்டபடியே இருந்திருக்கும்.