பிரேசில் கால்பந்தில் ‘அடையாள ரசிகர்’ என்றால் யார்?

அங்கே ‘டோர்செடோர் சிம்போலோ’ என்பார்கள். கிளப்பின் பெயரைச் சொன்னதும் கூடவே நினைவுக்கு வரும் ரசிகர், அவ்வளவுதான். ரியோவின் ஃபிளமெங்கோவுக்கு ஜைமி டி கார்வாலோ. 1942இல் ஒரு வாத்தியக் குழுவையே ரசிகர்கள் நடுவே உட்கார வைத்தவர். சுருதி சேராது. வானொலி வர்ணனையாளர் அரி பரோசோ கிண்டலாக ‘சரங்கா’ என்றார். அதாவது, அபஸ்வரக் கோஷ்டி. சரி என்று அதையே பெயராக வைத்துக்கொண்டார்கள்!

ஏன் இவர்களை மறப்பதில்லை? வீரர் நாலு வருடத்தில் வேறு கிளப்புக்குப் போய்விடுவார், பயிற்சியாளர் அதற்கும் முன்பே. ரசிகர் மட்டும் அங்கேயே இருப்பார். தெருமுனை மரம் மாதிரி: வீடுகள் கைமாறும், ஆனால் வழி சொல்ல அந்த மரம்தான்.

அப்புறம், இது கிளப் கொடுக்கும் பதவி என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை, கூட்டம் வைக்கும் பெயர்.