கல்லறைத் திருநாள் கடிதங்கள்: க்ளூனியும் அந்த 998-உம்

அக்டோபர் கடைசியிலேயே கடிதங்கள் வர ஆரம்பித்துவிடுகின்றன. இந்த முறை வந்ததில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி. அதையே முதலில் முடித்துவிடுகிறேன்.

நவம்பர் 2-இல் வரும் சகல ஆத்துமாக்கள் தினத்தை (கல்லறைத் திருநாளை) 998-இல் ஏற்படுத்திய போப் யார்?

யாரும் இல்லை. வருடா வருடம் இதையே எழுதுகிறேன், வருடா வருடம் பங்குக் கோயில் மலர்களில் "998-ஆம் ஆண்டு திருத்தந்தை அறிவித்தார்" என்று அச்சாகிறது. நானும் ஒரு காலத்தில் ஒரு மலரில் இதே 998-ஐப் போட்டவன்தான், அதனால்தான் இவ்வளவு எரிச்சல். இது பிரான்சின் பர்கண்டியில் இருந்த க்ளூனி மடம் தனக்குத் தானே போட்டுக்கொண்ட கட்டளை. போட்டவர் மடாதிபதி ஓடிலோ, 994-லிருந்து 1049 வரை தலைவராக இருந்தவர், ஐம்பது வருடத்துக்கும் மேல். அந்தக் கட்டளையில் ஆண்டே கிடையாது. அப்படியானால் 998 எங்கிருந்து வந்தது? ஜெம்ப்ளூ மடத்து சிகிபெர்ட் என்பவர் ஏறக்குறைய நூறு வருடம் கழித்து ஒரு காலவரிசை எழுதினார், அதில் 998-க்கு நேராக இந்தச் சேதியைப் போட்டு வைத்தார், பின்னால் வந்தவர்கள் அதையே பார்த்து எழுதினார்கள். கட்டளையிலோ பேரரசர் ஹென்றியைத் தனியாக நினைவுகூரச் சொல்லும் வரி ஒன்று இருக்கிறது. இரண்டாம் ஹென்றி இறந்தது 1024-இல், அப்படியானால் கட்டளை அதற்குப் பிறகுதான். (போப் கொடுத்த தங்க உருண்டையைத் தானே வைத்துக்கொள்ளாமல் க்ளூனிக்கு அனுப்பியவர் இவர், மடம் மறக்குமா?) அந்த வரி பின்னால் சேர்த்ததாக இருக்கலாம் என்று வாதாடலாம்தான், ஆனாலும் 1020-களுக்கும் 1030-களுக்கும் நடுவே வைப்பதுதான் பத்திரம். நான் "1030 வாக்கில்" என்று எழுதுவேன்.

இன்னொன்று. கட்டளை போட்ட மறுநாளே உலகம் முழுக்கப் பரவிவிடவில்லை. க்ளூனியின் கீழ் இருந்த மடங்கள் எடுத்துக்கொண்டன. இத்தாலியில் ஃபார்ஃபா மடம் க்ளூனி வழக்கங்களை எழுதி வாங்கிக்கொண்டபோது இதுவும் கூடவே போனது. 1077 வாக்கில் இங்கிலாந்தின் கேன்டர்பரியில் பேராயர் லான்ஃபிராங்க் எழுதிய மடத்து விதிகளிலும் வந்துவிட்டது. ரோம் எடுத்துக்கொண்டது இதற்கெல்லாம் ரொம்பப் பின்னால். ஆகவே என் பழைய பல்லவி: ஆண்டு எழுதும் முன் எந்த மடம், எந்த ஏடு, யார் எப்போது எழுதியது என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லையென்றால் ஆண்டைப் போடாதீர்கள்.

அனைத்துப் புனிதர் விழாவுக்கு (நவம்பர் 1) மறுநாளை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

அந்த ஒட்டு ஓடிலோவுக்கு முன்பே இருக்கிறது. 9-ஆம் நூற்றாண்டில் மெட்ஸ் நகரத்து அமலாரியுஸ் தன் வழிபாட்டு நூலில் புனிதர்களின் செபத்துக்கு அடுத்து இறந்தவர்களின் செபத்தை வைத்துவிட்டு, காரணமும் சொல்கிறார்: செத்துப் போகிற பலர் உடனே புனிதர்களோடு போய்ச் சேர்வதில்லை. அவர் நாள் குறிக்கவில்லை, ஏட்டில் வரிசைதான் வைத்தார். வரிசை பிறகு நாளாயிற்று.

க்ளூனிக்கு முன் மடங்களில் இறந்தவர்களுக்கு ஒரு நாளும் இல்லையா?

இருந்தது, ஆளுக்கொரு நாளாக. ஸ்பெயினின் செவில் ஆயர் இசிதோர் (இறப்பு 636) தன் மடத்து விதியில் பெந்தெகொஸ்தேக்கு மறுநாள் இறந்தவர்களுக்காகப் பூசை என்கிறார். ஜெர்மனியின் ஃபுல்டா மடத்தில் மடாதிபதி ஐகில், 820 வாக்கில், முதல் மடாதிபதி ஸ்டுர்மி இறந்த டிசம்பர் 17-ஐயே இறந்த சகோதரர் எல்லோருக்கும் நினைவு நாளாக்கினார். ரைகெனாவ் மடத்தில் 824 வாக்கில் தொடங்கிய செபக் கூட்டுறவு ஏட்டில் (யார் யாருக்காகச் செபிக்க வேண்டும் என்ற பெயர்ப் பட்டியல்) நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பெயர்கள். இவையெல்லாம் தங்கள் ஆட்களுக்காக, உடன்படிக்கை செய்துகொண்ட மடங்களுக்காக. ஓடிலோ வைத்தது உலகம் தோன்றியது முதல் இறந்த விசுவாசிகள் அத்தனை பேருக்கும். புதுசு அதுதான்.

பிசாசுகள் புலம்பியதைக் கேட்டுத்தான் ஓடிலோ இதைத் தொடங்கினாராமே?

ஓடிலோவின் சீடர் ஜோட்சால்து எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வரும் கதை. ஜெருசலேமிலிருந்து திரும்பும் யாத்திரிகர் ஒருவர் கடலில் ஒரு பாறைத் தீவில் துறவி ஒருவரைச் சந்திக்கிறார். செபத்தாலும் தர்மத்தாலும் ஆத்துமாக்களைத் தங்கள் கையிலிருந்து பறித்துக்கொண்டு போகிறார்கள், அதிலும் க்ளூனிக்காரர்கள் ரொம்ப மோசம் என்று பேய்கள் அழுவதைக் கேட்டதாகத் துறவி சொல்கிறார். பிறகு கர்தினால் பீட்டர் தமியான் இதைத் திருப்பி எழுதினார், கதை கைமாறக் கைமாற எரிமலையும் உள்ளே வந்தது. கட்டளையில் பேயும் இல்லை, தீவும் இல்லை. மடத்துக்கு நல்ல விளம்பரம், அவ்வளவுதான்.

கல்லறையைச் சுத்தம் செய்து மெழுகுவர்த்தி ஏற்றுவது க்ளூனி வழக்கமா?

கட்டளையில் கல்லறைக்குப் போவது பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நவம்பர் 1 அன்று உக்கிராணப் பொறுப்பாளர்கள் வருகிற ஏழைகள் எல்லோருக்கும் ரொட்டியும் திராட்சை ரசமும் கொடுக்க வேண்டும். மாலை செபம் முடிந்ததும் எல்லா மணியையும் அடித்து இறந்தோருக்கான மாலை செபம். மறுநாள் இரவுச் செபம் முடிந்ததும் மறுபடி எல்லா மணியும். குருக்கள் எல்லோரும் பூசை வைக்க வேண்டும், 12 ஏழைகளுக்குச் சாப்பாடு போட வேண்டும். "எல்லா மணியும்" என்பதைக் கவனியுங்கள், அது பெரிய திருநாளுக்கு அடிக்கிற அடி. நம் ஊரில் பூவும் மெழுகுவர்த்தியும் நின்றது, ரொட்டி போய்விட்டது.

க்ளூனியில் அன்றைக்கு "தியேஸ் ஈரே" பாடினார்களா?

இல்லை. இறந்தோர் பூசைக்கான அந்த இலத்தீன் பாட்டு 13-ஆம் நூற்றாண்டினது. ஓடிலோ கேட்டிருக்க வாய்ப்பே இல்லை.

மருந்துக் கடையில் சொல்லும் "பிளசீபோ"வுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. இறந்தோர் மாலை செபத்தின் முதல் சொல் அது, "பிரியமாயிருப்பேன்" என்று பொருள், இலத்தீன் சங்கீதம் 114-லிருந்து வருகிறது. காசுக்கு வந்து அதைப் பாடியவர்கள் முகஸ்துதிக்காரர் என்று பெயரெடுத்தார்கள். மனத்திருப்திக்குக் கொடுக்கும் மாத்திரை வரைக்கும் அந்தச் சொல் இறங்கிவிட்டது.

இத்தனை பேருக்கு நினைவு நாள் வைத்தால் மடம் தாங்குமா?

தாங்கவில்லை. நல்ல கேள்வி, இந்த முறை வந்ததில் உருப்படியானது இதுதான். க்ளூனியில் ஒரு துறவி இறந்தால் அவருடைய சாப்பாட்டுப் பங்கை 30 நாள் ஒரு ஏழைக்குக் கொடுப்பார்கள், பிறகு வருடா வருடம் அவர் இறந்த தேதியிலும் கொடுப்பார்கள். முதலில் சுலபம். நூறு வருடம் போனதும் எந்தத் தேதியை எடுத்தாலும் பெயர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. பீட்டர் வெனரபிள் 1122-இல் மடாதிபதியாகப் பொறுப்பேற்றபோது உயிரோடு இருந்தவர்கள் சுமார் 300 பேர், வருமானமோ நூறு பேருக்கே காணாது என்று அவரே எழுதுகிறார். கடைசியில் நாளொன்றுக்கு 50 பங்குக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டினார், இல்லாவிட்டால் செத்தவர்கள் இருப்பவர்களை மடத்தைவிட்டே விரட்டிவிடுவார்கள். வரம்புக்குப் பிறகும் வருடத்துக்கு 18,250 சாப்பாடு வரை ஆகும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எல்லாம் நவம்பர் 1-இல் வரும் சம்ஹைன் என்ற கெல்டியப் பண்டிகையை அமுக்க வந்ததுதானே?

இந்தப் பார்வர்டை அனுப்புகிறவர்கள் அயர்லாந்து ஏட்டைத் திறந்து பார்ப்பதே இல்லை. சம்ஹைன் சொந்தமான அதே அயர்லாந்தில், 800 வாக்கில் எழுதிய டாலட் மடத்துப் புனிதர் பட்டியலில், அனைத்துப் புனிதர் விழா ஏப்ரல் 20-இல் இருக்கிறது. பண்டிகையை அமுக்க வந்தவர்கள் ஆறு மாதம் தள்ளி வந்தார்களா? அனைத்துப் புனிதர் விழாவுக்கு நவம்பர் 1 என்பது ஃபிராங்கு நாட்டில் (இன்றைய பிரான்ஸ், ஜெர்மனி பக்கம்) 835-இல் உறுதியானது. ஆண்டு, ஏடு, இடம், மறுபடியும் சொல்கிறேன்.

மகாளய அமாவாசையும் இதுவும் ஒன்றுதானே?

இரண்டிலும் முன்னோரை நினைக்கிறார்கள். அதற்காக ஒன்றிலிருந்து ஒன்று வந்ததாகிவிடாது.

கல்லறைத் திருநாளன்று ஒரே குரு மூன்று பூசை வைப்பது ஏன்?

ஸ்பெயினில் வலென்சியா டொமினிக்கன் துறவிகள் 15-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. போப் பதினான்காம் பெனடிக்ட் 1748-இல் ஸ்பெயின், போர்த்துகல் நாடுகளுக்கு இந்த அனுமதியைக் கொடுத்தார். 1915-இல், முதல் உலகப் போரில் பிணங்கள் குவிந்துகொண்டிருந்தபோது, பதினைந்தாம் பெனடிக்ட் எல்லாக் குருக்களுக்கும் கொடுத்தார்.

நவம்பர் 2 ஞாயிறு வந்தால்?

முன்பு 3-ஆம் தேதிக்குத் தள்ளுவார்கள். 1969-இல் திருச்சபை நாட்காட்டியைச் சீர்திருத்திய பிறகு தள்ளுவதில்லை, ஞாயிறன்றே. 2025-இல் அப்படித்தான் வந்தது.

ஐயா, இணைத்துள்ள ஏட்டுப் பக்கம் க்ளூனியின் இறந்தோர் பட்டியலா?

க்ளூனியின் சொந்தப் பட்டியல் தொலைந்துவிட்டது. மார்சினி கன்னியர் மடம் போன்ற இடங்களில் கிடைத்த ஏடுகளை வைத்துத்தான் அதை மீட்டெடுத்திருக்கிறார்கள். நீங்கள் அனுப்பிய படம் மங்கல், பாதியில் உங்கள் கட்டைவிரல், எந்த நூலகம், எந்த எண் என்று ஒன்றும் இல்லை. ஓரத்தில் தெரிகிற எழுத்து 15-ஆம் நூற்றாண்டு போல இருக்கிறது. விவரத்தோடு திரும்ப அனுப்புங்கள்.