வீட்டு ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்: கேள்வி பதில்

கே: சார், என் கணினியில் ஓடும் தளத்தை வெளியிலிருந்து திறக்க, 80, 443 (எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் போர்ட்கள்) இரண்டையும் ரவுட்டரில் என் கணினிக்கு ஃபார்வர்ட் செய்துவிட்டேன். வெளியிலிருந்து தளம் திறக்கவே இல்லை. எங்கே தப்பு?

ப: ஃபார்வர்டிங் ரூலில் (எந்த போர்ட்டை எந்தக் கணினிக்கு அனுப்புவது என்ற கட்டளையில்) கை வைக்கும் முன் இதைப் பாருங்கள். ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி (இணையப் பக்கம் ரவுட்டருக்குக் கிடைத்த முகவரி) என்று ஒரு முகவரி இருக்கும். கூகுளில் 'வாட் இஸ் மை ஐபி' என்று தேடினால் ஒரு முகவரி வரும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் ரூலுக்கே வேலை. வான் ஐபி 100.64.0.0 முதல் 100.127.255.255 வரைக்குள் இருந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்குள் இருக்கிறீர்கள். ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தரும் ஏற்பாடு இது. வெளியிலிருந்து வரும் பாக்கெட் இணைய நிறுவனத்தின் கருவியிலேயே நின்றுவிடும், உங்கள் ரவுட்டருக்கு வரவே வராது. 10-இல் தொடங்கினாலும் பெரும்பாலும் இதே கதைதான்.

192.168-இல் தொடங்கினால் பெரும்பாலும் வீட்டிலேயே இரண்டு ரவுட்டர் இருக்கிறது என்று அர்த்தம்: ஃபைபர்காரர் வைத்துப்போன பெட்டி ஒன்று, நீங்கள் வாங்கியது ஒன்று. முதல் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலை பார்க்காமல் இணைப்பை மட்டும் கடத்தும் நிலைக்கு) மாற்றச் சொல்லுங்கள்.

கே: எனக்கு சிஜிநாட்தான் அண்ணா. வேறு வழியே இல்லையா?

ப: இருக்கிறது. மாதக் கட்டணம் கட்டி ஸ்டேட்டிக் ஐபி (உங்களுக்கு மட்டுமான, மாறாத பொது ஐபி) கேட்கலாம். சொந்த டொமைன் இருந்தால் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் டனல் போடலாம். அதில் உங்கள் கணினியே வெளியே போய் இணைப்பை ஏற்படுத்துவதால் ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டாம். ஆனால் எச்டிடிபிஎஸ் குறியாக்கம் கிளவுட்ஃப்ளேரிடத்தில் அவிழ்க்கப்பட்ட பிறகுதான் தரவு உங்களிடம் வரும். அது பிடிக்காவிட்டால் சின்ன விபிஎஸ் (வாடகை சர்வர்) ஒன்று எடுத்து, வயர்கார்டு என்ற விபிஎன் மூலம் வீட்டோடு இணைத்துவிடுங்கள். என் ஓட்டு அதற்குத்தான்.

கே: நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கரன்ட் போய் வந்ததும் நின்றுவிட்டது.

ப: டிஎச்சிபி (ரவுட்டர் தானாக ஐபி பகிர்ந்து தரும் ஏற்பாடு) உங்கள் கணினிக்கு வேறு உள் ஐபி கொடுத்திருக்கும், ரூல் பழைய ஐபியையே காட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' பகுதியில் கணினியின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணுக்கு) ஒரு ஐபியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். விண்டோஸில் 'ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்' ஆனில் இருந்தால் இந்த ஒதுக்கீடு பலிக்காமல் போகலாம், அணைத்துவிடுங்கள். பொது ஐபியும் மாறியிருக்கலாம். அதற்கு டக்டிஎன்எஸ் மாதிரி ஒரு டைனமிக் டிஎன்எஸ் (மாறும் ஐபியை ஒரே பெயரோடு இணைத்து வைக்கும் சேவை) போதும்.

கே: ரூலில் எந்த புரோட்டோகாலைத் தேர்ந்தெடுப்பது, டிசிபியா, யூடிபியா?

ப: டிசிபி. எச்டிடிபியின் புதிய பதிப்பான எச்டிடிபி/3 வேண்டுமென்றால் மட்டும் 443-க்கு யூடிபியும்.

கே: ஒரு சமயம் 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்கிறது, ஒரு சமயம் 'டைம்டு அவுட்' என்கிறது. இரண்டும் ஒன்றுதானே?

ப: இல்லை, பாதிப் பதிலே அதில்தான் இருக்கிறது. ரெஃப்யூஸ்டு என்றால் பாக்கெட் பெரும்பாலும் ஒரு கருவியைத் தொட்டுவிட்டது, அங்கே அந்த போர்ட்டில் கேட்க ஆளில்லை. சர்வர் 127.0.0.1-இல் (கணினி தன்னையே குறிக்கும் முகவரி) மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். நோட்.ஜேஎஸ் டெவலப்மென்ட் சர்வர்கள் பல இப்படித்தான். 0.0.0.0 (எல்லா முகவரியிலும் கேள் என்று அர்த்தம்) என்று மாற்றுங்கள். சரியாகிவிட்டதா என்று அதே வைஃபையில் உள்ள இன்னொரு கருவியிலிருந்து உள் ஐபியை அடித்துப் பாருங்கள்.

டைம்டு அவுட் என்றால் வழியில் யாரோ பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்குகிறார்கள். முதல் சந்தேகம் விண்டோஸ் ஃபயர்வால்: நெட்வொர்க் 'பப்ளிக்' என்று இருந்தால் உள்ளே வருவதைத் தடுக்கும். அதுவும் சரியென்றால் வெளி போர்ட் 8080-ஐ உள் 80-க்குத் திருப்பிப் பாருங்கள். 8080 திறந்து 80 திறக்கவில்லை என்றால் இணைய நிறுவனமே 80-ஐ அடைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

கே: 80 அடைபட்டிருந்தால் லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவச எச்டிடிபிஎஸ் சான்றிதழ் கிடைக்காதா?

ப: டொமைன் உங்களுடையதா என்று சரிபார்க்க அவர்களிடம் பல முறைகள் உண்டு. எச்டிடிபி-01 முறைக்கு 80 கட்டாயம். டிஎன்எஸ்-01 முறையில் டொமைனின் டிஎன்எஸ்ஸில் ஒரு டிஎக்ஸ்டி (உரை) ரெக்கார்டு போட்டால் போதும், எந்த போர்ட்டும் வேண்டாம்.

கே: மொபைல் டேட்டாவில் தளம் வருகிறது. வீட்டு வைஃபையில் அதே முகவரிக்கு ரவுட்டர் லாகின் பக்கம் வருகிறதே?

ப: உங்கள் ரவுட்டரில் நாட் லூப்பேக் (வீட்டுக்குள்ளிருந்து பொது ஐபியை அடித்தாலும் சர்வருக்கே திருப்பும் வசதி) இல்லை. ஃபார்வர்டிங் சரியாகத்தான் இருக்கிறது. வீட்டுக் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் டொமைனுக்கு நேராக சர்வரின் உள் ஐபியை எழுதுங்கள். வெளியிலிருந்து தளம் வருகிறதா என்ற சோதனையை எப்போதும் மொபைல் டேட்டாவில் செய்யுங்கள்.

கே: இவ்வளவு தலைவலிக்கு டிஎம்இசட் (எல்லா போர்ட்டையும் ஒரே கணினிக்குத் திறந்துவிடும் வசதி) போட்டுவிட்டால் என்ன?

ப: வேண்டவே வேண்டாம். 22 (எஸ்எஸ்எச்), 445 (கோப்புப் பகிர்வு), 3389 (ரிமோட் டெஸ்க்டாப்) எல்லாம் சேர்ந்து வெளியே தெரியும், கடவுச்சொல்லைத் தட்டிப் பார்க்கும் பாட்கள் சீக்கிரமே வந்துவிடும். 80, 443 மட்டும் திறங்கள். யூபிஎன்பி-யையும் (செயலிகள் தாமாகவே போர்ட் திறக்கவிடும் வசதி) ரவுட்டரின் 'ரிமோட் மேனேஜ்மென்ட்'டையும் அணையுங்கள். சில மாடல்களில் இந்த ரிமோட் மேனேஜ்மென்ட்டே 443-ஐப் பிடித்து வைத்துக்கொண்டு உங்கள் ரூலை ஏற்காது.