விண்கலம் விடுற வாயு, சுத்தி இருக்கிற பிளாஸ்மாவ எப்படிக் கெடுக்குது?

வெற்றிடத்துல கெடுக்கிறதுக்கு என்ன இருக்குன்னு கேட்டிருக்கீங்க. நான் இலங்கை மலையகத்து ஹட்டன்ல ஏ லெவல் பிசிக்ஸ் டியூசன் எடுக்கிறேன், புள்ளைங்களும் இதத்தான் கேக்கும். 300, 400 கிலோமீட்டர் உயரத்துல முழு வெற்றிடம் இல்லைங்க, மெல்லிசா பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் உள்ள துகள்களா பிரிஞ்ச வாயு இருக்கு, பெரும்பாலும் ஆக்சிஜன் அயனியும் (எலக்ட்ரான இழந்த அணு) எலக்ட்ரானும்.

2011 வரைக்கும் பறந்த நாசாவோட ஸ்பேஸ் ஷட்டில் விண்கலத்த எடுத்துக்குங்க. அங்க இங்க திருப்புறதுக்கே 44 குட்டி ராக்கெட், அது போக மின்சாரம் எடுக்கிற பியூவல் செல்லுல மிஞ்சுற தண்ணிய வெளிய கொட்டுவாங்க, சூட்டக் குறைக்கவும் தண்ணிய ஆவியாக்கி விடுவாங்க. 1982ல நாலாவது பயணத்துக்கு முன்னாடி பெஞ்ச மழை வெப்பத்தத் தடுக்கிற ஓடுங்களுக்குள்ள ஊறிப்போச்சு, மேல போனப்புறம் அடிப்பக்கத்த வெயிலுக்குக் காட்டித்தான் காய வெச்சாங்க (ஜூன் மாசம் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுல துணி காயப்போடுற பாடு நாசாவுக்குமா!).

இந்தத் தண்ணி மூலக்கூறுதான் வில்லன். ஆக்சிஜன் அயனி கிட்ட வந்தா இது டக்குனு அதுக்கு ஒரு எலக்ட்ரான குடுத்துட்டு தானே அயனியாயிடும். வெளிய வந்த தண்ணி ஷட்டிலோட வேகத்துலயே, செக்கனுக்கு 7.7 கிலோமீட்டர் கிட்ட, கூடவே ஓடிட்டிருக்கும், ஆனா அயனியான உடனே பூமியோட காந்தப்புலம் பிடிச்சு சுழற்ற ஆரம்பிக்கும், அதுல பிளாஸ்மா அலையே கிளம்பும். அப்ப அளக்கிற கருவியில பதியிற அலை வானத்தோடதா, ஷட்டிலோடதா? இதப் பாக்கத்தான் அயோவா பல்கலைக்கழகத்துக்காரங்க செஞ்ச ஒரு பிளாஸ்மா அளக்கிற கருவிப் பெட்டிய 1982ல ஷட்டிலோட ரோபோ கைல பிடிச்சு நீட்டிப் பாத்தாங்க, 1985ல தனியாவே கழட்டி விட்டு ஆறு மணிநேரம் போல பறக்க விட்டாங்க. ஷட்டில சுத்தி தண்ணி அயனி மேகமே இருந்துச்சு.

இன்னொரு கூத்து, தண்ணி அயனி எலக்ட்ரானோட சேந்து சட்டுனு காணாம போயிடும், ஆக்சிஜன் அயனி அவ்வளவு சீக்கிரம் சேராது. அதனால தண்ணி கலந்த ராக்கெட் புகை போன இடத்துல பிளாஸ்மாவே குறைஞ்சிடும். 1973ல நாசாவோட ஸ்கைலாப் விண்வெளி நிலையத்த ஏவினப்ப அயனமண்டலத்துல (மேல இருக்கிற இந்த பிளாஸ்மா அடுக்குல) சுமார் 1000 கிலோமீட்டர் ஆரத்துக்கு ஓட்டை.

எஞ்சின் ஓடலைன்னாலும் விடாது. 2004ல கிளம்பின ரோசெட்டா விண்கலம், வருசக்கணக்கா விண்வெளில கிடந்தும் தன் பெயின்ட், பிளாஸ்டிக்ல இருந்து தண்ணியும் மத்த வாயுவும் கசிய விட்டுக்கிட்டே இருந்துச்சு, போனதோ வால்நட்சத்திரத்தோட வாயுவ அளக்க! அதனால இந்த மாதிரி டேட்டா கைல கிடைச்சா, திரஸ்டர் (அந்தக் குட்டி ராக்கெட்) எப்ப எரிஞ்சுது, தண்ணி எப்ப கொட்டினாங்கன்னு முதல்ல பாருங்க, கிராப் எல்லாம் அப்புறம்.